மொழி கொடுத்தவர்

நான் வக்கீலாக இருந்த கோர்ட்டில் வாக்குமூலத்துக்கு ‘மொழி’ என்று பெயர். திருவிதாங்கூர்-கொச்சி ராஜ்யத்தில் கோர்ட் காரியம் எல்லாம் மலையாளத்தில்தான். குற்றம் சாட்டப்பட்டவன் ‘பிரதி’. அவன் வாயைத் திறந்து சொல்வது ‘மொழி’. எங்கள் பக்கத்துத் தமிழன் தமிழில் மொழி கொடுப்பான், கிளார்க் அதை மலையாளத்தில் எழுதுவார், கடைசியில் கடகடவென்று வாசித்துக் காட்டிக் கைநாட்டு வாங்கிவிடுவார். இப்படி மாட்டிக்கொண்டவர்கள் நிறைய. அதனாலேயே எங்கள் வக்கீல்கள் அறையில் பாதிப்பேர், எங்கள் பக்கத்தைத் தமிழ்நாட்டோடு சேர்க்கச் சொல்லும் தமிழ்ப் போராட்டத்தில் இருந்தார்கள். நானும் இருந்தேன். துண்டுப் பிரசுரம் எழுதிக் கொடுத்திருக்கிறேன், ஊர்வலத்தில் போய்ச் செருப்பைத் தொலைத்திருக்கிறேன்.

ஆனால் நான் சொல்ல வந்தது அந்தப் போராட்டத்தை அல்ல. அதைச் சொல்ல ஆள் நிறைய இருக்கிறார்கள், போதாதற்கு மேடையும் இருக்கிறது. இதைச் சொல்ல என்னை விட்டால் ஆள் இல்லை.

இந்தியத் தண்டனைச் சட்டம் எங்கள் ராஜ்யத்துக்கும் வந்து சேர்ந்த புதிது. அதில் முந்நூற்று எழுபத்தேழாம் பிரிவு என்று ஒன்று உண்டு. ஆணும் ஆணும் சேர்ந்து வாழ்ந்தால் அது இயற்கைக்கு விரோதம் என்று சொல்லி, ஆயுள் வரை உள்ளே தள்ள வழி செய்யும் பிரிவு. பழைய சட்டத்திலும் இது இருந்ததுதான். ராஜா போனார், இது போகவில்லை. நானும் அந்தப் பிரிவுக்குள் அடங்கியவன். முப்பது தாண்டியும் நான் கல்யாணம் கட்டாததற்கு ஊரில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். தோஷ ஜாதகம் என்றார்கள், தீராத வயிற்றுவலி என்றார்கள். வயிற்றுவலி எனக்குச் சௌகரியமாக இருந்தது. பெண் பார்க்கும் பேச்சை யாராவது எடுத்தால் மெல்ல வயிற்றைப் பிடித்துக்கொள்வேன்.

ஒரு முறை வக்கீல்கள் அறையில், இந்தப் பிரிவைச் சட்டத்திலிருந்தே எடுத்துவிட வேண்டும் என்று சொல்லிப் பார்த்தேன். யாருக்கும் தீங்கு செய்யாதவனைப் பிடித்து அடைக்க எதற்கு ஒரு சட்டம் என்று கேட்டேன். சிரித்தார்கள். நான் தமாஷ் பண்ணுவதாக நினைத்துவிட்டார்கள். நானும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு, அன்று முழுவதும் என் மீதே எரிச்சலோடு இருந்தேன். அதன் பிறகு ஒன்று மட்டும் செய்தேன். அந்தப் பிரிவில் யாரைப் பிடித்து வந்தாலும் வக்காலத்தில் நான் கையெழுத்துப் போட்டேன். வேறு யாரும் தொடாத கேசுகள் என்பதால் போட்டிக்கும் ஆள் இல்லை.

அப்படி வந்ததுதான் தையல்காரரும் வண்டிக்காரரும். தையல்காரருக்குக் களியக்காவிளைச் சந்தைக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கடை, அதன் பின்னால் ஒரு அறை. வண்டிக்காரர் அருமனைப் பக்கத்திலிருந்து மரச்சீனிக் கிழங்கும் தேங்காயும் மாட்டுவண்டியில் ஏற்றிச் சந்தைக்கு வருபவர். இருவருக்கும் நாற்பது வயது இருக்கும். அந்த அறையில் பல வருஷமாக ஒன்றாக இருந்தார்கள். கட்டடத்தின் சொந்தக்காரனான கட்டடக்காரனுக்கு அறையை வேறு ஆளுக்கு விட வேண்டும், இவர்கள் காலி செய்து கொடுக்கவில்லை. அவன் போய் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்துவிட்டான்.

ஸ்டேஷனில் அடித்ததைச் சொல்ல வேண்டாம். தையல்காரருக்கு இழுப்பு நோய். ஈரச் சுவரோடு ஒட்டிய லாக்கப்பில் கிடந்து மூச்சு நின்றுவிடும் நிலைக்கு வந்துவிட்டார். மறுநாள் மாஜிஸ்திரேட் முன்னால் இருவரையும் கொண்டு நிறுத்தினார்கள். நான் அன்று வேறு கோர்ட்டில் இருந்தேன். மாஜிஸ்திரேட் வடக்கே இருந்து வந்தவர், மரியாதைப்பட்ட மனிதர் என்றே சொல்வார்கள். அவர் வண்டிக்காரரைப் பார்த்து மலையாளத்தில் கேட்டிருக்கிறார்: “நிங்ஙள் தம்மில் சம்பந்தம் உண்டோ?”

வண்டிக்காரர், “உண்டு எஜமானே” என்று சொல்லிவிட்டார்.

தமிழில் சம்பந்தம் என்றால் தொடர்பு. எனக்கும் அந்தக் கடைக்கும் சம்பந்தம் இல்லை என்போம், பெண் கொடுத்துப் பெண் எடுத்தால் சம்பந்தி என்போம். மலையாளத்திலும் இந்த அர்த்தம் உண்டு. ஆனால் அங்கே ஆணும் பெண்ணும் ஊரறியச் சேர்ந்து வாழ்ந்து, சேர்ந்து படுக்கும் உறவுக்கும் பழைய வழக்கப்படி சம்பந்தம் என்றே பெயர். ‘எங்களுக்குள் சம்பந்தம் உண்டு’ என்று கிளார்க் எழுதினார், வண்டிக்காரரின் பெருவிரலை மையில் தோய்த்து வைத்தார்கள். போலீஸிடம் சொல்வது கோர்ட்டில் செல்லாது. மாஜிஸ்திரேட்டிடம் தானாகச் சொன்னது செல்லும். அந்த ஒரு சொல்லில் இருவருக்கும் ஜெயில் தயாராகிவிட்டது. வண்டிக்காரர் எப்படியும் தாங்குவார். தையல்காரர் ஒரு மழைக்காலத்தைக்கூட ஜெயிலில் தாண்டமாட்டார். இது எனக்குத் தெரியும், வண்டிக்காரருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

ஜாமீன் வாங்கினேன். கேஸ் முடியும் வரை இருவரும் சந்திக்கக் கூடாது என்று நிபந்தனை போட்டார்கள். தையல்காரர் கடையில், வண்டிக்காரர் அருமனையில். இதற்கிடையில் அந்த மாஜிஸ்திரேட் மாற்றலாகிப் போய், புதியவர் வந்தார். எனக்கு நம்பிக்கை வந்தது. கேள்வி மலையாளம், பதில் தமிழ், இடையில் ஒரு சொல் குழப்பம், அவ்வளவுதானே என்று வாதம் தயார் செய்தேன். அதை வைத்துக்கொண்டு வண்டிக்காரரை வரச்சொன்னேன்.

“ஓய், மாஜிஸ்திரேட் கேட்டது உமக்கு வெளங்காமத்தான உண்டுன்னு சொன்னீரு?” என்று கேட்டேன்.

“வெளங்காம என்ன சாரே? களியக்காவிளைச் சந்தையில பாதி நேரம் நான் மலையாளமாக்கும் பறையியது. அவரு கேட்டது எனக்கு நல்லா மனசிலாச்சு.”

“பின்ன எதுக்கு ஓய் உண்டுன்னீரு?”

“உண்டு. அதினால சொன்னேன்.”

“ஜெயிலுக்குப் போவ ஆசையா?”

“ஆசை ஒண்ணும் இல்ல. ஸ்டேசன்ல அவனுவ எங்களைச் சொன்ன பேரெல்லாம் நாய்க்குக்கூடச் சொல்லப்பிடாது சாரே. இந்த மனுசன் மரியாதையாட்டு, சம்பந்தம் உண்டான்னு கேட்டாரு. எனக்கும் அவனுக்கும் உள்ளதுக்கு ஒரு கொள்ளாவுந்த, நல்ல பேரு அண்ணைக்குத்தான் கிட்டிச்சு. அதைப் போயி இல்லேன்னு எப்பிடிச் சொல்ல?”

எனக்குக் கோபம் வந்தது. நான் இங்கே மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டிருக்கிறேன், இவர் பேர் கிடைத்த சந்தோஷத்தில் இருக்கிறார். கோபத்தின் அடியில் இருந்தது பொறாமை. தனியாக இருக்கும்போதுகூட எனக்கு நானே சொல்லிக்கொள்ளாத ஒன்றை, இவர் அடிவாங்கிய முகத்தோடு மாஜிஸ்திரேட் முன்னால் நின்று சொல்லியிருக்கிறார்.

“கோர்ட்டுல கேப்பாவ. வெளங்கல்லன்னு ஒரு வார்த்தை சொல்லும். அதுபோதும்” என்றேன்.

“பொய் சொல்லணும்.”

“ஆமா.”

அவர் தோர்த்துத் துண்டை உதறித் தோளில் போட்டார். “அந்நேரம் பாக்கேன் சாரே” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அதற்குப் பிறகு எத்தனை முறை கேட்டும் அதே பதில்தான்.

வக்கீல்கள் அறையில் மூத்தவர் ஒருவர் இருந்தார். எங்கள் பக்கத்துத் தமிழ்ப் போராட்டத்தில் முன்வரிசைக்காரர். கேஸ் விஷயம் அவர் காதுக்குப் போய்விட்டது. என்னை ஜன்னல் ஓரமாகக் கூட்டிக்கொண்டு போனார்.

“இது நல்ல கேஸாக்கும் ஓய். மலையாளக் கோர்ட்டில தமிழனுக்க கழுத்தை எப்பிடி அறுக்கான்னு காட்டுகதுக்கு இதைவிட என்ன வேணும்? ஆனா பாஷையை வாதியும், ஆளை வாதியாதேயும். கேஸ் எதைப் பத்தினதுன்னு வெளிய மூச்சு விடப்பிடாது. நம்ம பேரு கெட்டுப்போவும்.”

நான் தலையாட்டினேன். நம்ம பேர் என்றபோது அதில் நானும் சேர்த்தியா என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை. மனதுக்குள் அவரை நன்றாக ஏசிக்கொண்டேன்.

நான் உண்மையில் பயந்தது இன்னொரு நாள். கேஸை நடத்திய ஏட்டு உள்ளூர்க்காரர், தமிழர், கண்ணும் காதும் கூர்மையான ஆள். கோர்ட் எதிரே உள்ள சாயாக்கடையில் நாலு பேர் இருக்கும்போது என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“வக்கீல் சாரே, இந்த மாதிரி கேஸ் எல்லாம் சாருக்க கையிலேதான் வந்து விழுது. பீஸும் வாங்குகதா தெரியல்ல. அந்தப் பயக்களுக்கும் சாருக்கும் என்ன சம்பந்தம்?”

என் கையில் இருந்த சாயா வேட்டியில் கொட்டியது. “கட்சிக்காரங்க” என்றேன். அவர் என் வேட்டியில் உள்ள கறையைப் பார்த்துச் சிரித்தார், மேலே ஒன்றும் கேட்கவில்லை. வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்தி உட்கார்ந்தேன். கேஸை வேறு யாரிடமாவது தள்ளிவிடலாமா என்று நினைத்தேன். ஒரு வாரம் அந்த நினைப்போடுதான் சோறு தின்றேன். தள்ளிவிட ஒரு ஆள்கூடக் கிடையாது என்பதால் மட்டும்தான் தள்ளவில்லை. வீரம் கீரம் ஒன்றும் இல்லை.

விசாரணை அன்று கோர்ட் நிறைய ஆள். என்ன கேஸ் என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது. மூத்தவரும் பின் பெஞ்சில் வந்து உட்கார்ந்திருந்தார். தையல்காரரும் வண்டிக்காரரும் பல மாதத்துக்குப் பிறகு அன்றுதான் ஒரே இடத்தில் நின்றார்கள், கூண்டின் இரண்டு மூலையில். தையல்காரர் பாதியாகிப் போயிருந்தார்.

கட்டடக்காரன் சாட்சி சொன்னான். இருவரும் ஒரே பாயில் கிடந்ததை ஜன்னல் வழியாகப் பார்த்தேன் என்றான்.

“உம்ம வீட்டில எத்தனை பேரு?” என்று கேட்டேன்.

“எட்டு பேரு.”

“பாய் எத்தனை?”

அவன் யோசித்தான். கோர்ட்டில் சிரிப்பு கேட்டது. அவனை அதோடு விட்டுவிட்டேன். மாஜிஸ்திரேட் சிரிக்கவில்லை. அவர் முன்னால் அந்தக் கைநாட்டு வைத்த மொழி விரிந்து கிடந்தது. அவர் வண்டிக்காரரைப் பார்த்து மலையாளத்தில் கேட்டார். கிளார்க் எழுந்து தமிழில் சொன்னார்: “அண்ணைக்கு எஜமான் கேட்ட கேள்வி உமக்கு விளங்கிச்சா, இல்லையா?”

வண்டிக்காரர் கைநாட்டு வைத்த பெருவிரலைத் தடவிக்கொண்டார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. கிளார்க் இன்னொரு தடவை கேட்டார். விளங்கியது என்று வண்டிக்காரர் உண்மையையே சொல்லிவிடப் போகிறார் என்று எனக்கு உறுதியாகத் தெரிந்துவிட்டது. அந்த அமைதியில் தையல்காரரின் மூச்சு கீச்சுக்கீச்சென்று கேட்டது. கூண்டின் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தலையைக் குனிந்து, காற்றுக்குத் தவித்துக்கொண்டிருந்தார். வண்டிக்காரர் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

பிறகு சொன்னார்: “மனசிலாவல்ல எஜமானே.”

பிராசிகியூட்டர் துள்ளி எழுந்தார். அவர் எழுந்த வேகத்தில் கேஸ் கட்டுகள் கீழே விழுந்தன. “எஜமான் கவனிக்கணும். மலையாளம் தெரியாது என்பதை இந்தப் பிரதி மலையாளத்திலேயே சொல்கிறான்” என்றார். கோர்ட் முழுக்கச் சிரித்தது. மாஜிஸ்திரேட் பேனாவை எடுத்தார்.

இத்தனை மாதம் இந்த மனிதனை ஒரு பொய் சொல்லக் கெஞ்சியிருக்கிறேன். கடைசியில் அதைச் சொன்னபோது அவர் வாயிலிருந்து வந்தது எங்கள் ஊர்ச் சொல், அது மலையாளத்துக்கும் சொந்தமாக இருந்து தொலைத்தது. அதைக் காப்பாற்ற ஒரே வழிதான் இருந்தது. பின் பெஞ்சில் இருந்த மூத்தவருக்கும் அது புரிந்துவிட்டது. வேண்டாம் என்று தலையை அசைத்தார். எங்கள் தமிழில் மலையாளம் கலந்திருக்கிறது, அதனால் தமிழ்நாட்டோடு சேர்க்க வேண்டாம் என்று போராட்டத்தின் எதிர்த்தரப்பு சொல்லிக்கொண்டிருந்த காலம், அதை இல்லையென்று மறுப்பதே எங்கள் பிரசுரங்களின் வேலை. அந்தப் பிரசுரங்களில் ஒன்று நான் எழுதியது.

“எஜமானே, அது எங்க தமிழ்” என்றேன். என் குரல் எனக்கே உரத்துக் கேட்டது. “எங்க பக்கத்துல மலையாளம் ஒரு எழுத்து தெரியாத பெண்களும் பிள்ளைகள்கிட்ட மனசிலாச்சான்னுதான் கேப்பாங்க. எங்க தமிழ் அப்படி. நாங்க அதை யார்கிட்டயும் கடன் வாங்கல்ல, அதிலேயே பிறந்தோம். பிரதி சொன்னது தமிழ். அன்னைக்கு உண்டுன்னு சொன்னதும் அதே தமிழ்.”

“இதற்கு ஆதாரம்?” என்று மாஜிஸ்திரேட் ஆங்கிலத்தில் கேட்டார்.

சுற்றிப் பார்த்தேன். வாசல் பக்கத்தில் ஏட்டு நின்றிருந்தார். “அந்த ஏட்டு உள்ளூர்த் தமிழர், வாதி தரப்பு ஆள். எஜமானே அவர்கிட்ட கேட்கலாம். வீட்டில குழந்தைகிட்ட ஒரு காரியம் சொல்லிக்கொடுத்தா, கடைசியில என்ன கேப்பாருன்னு.”

மாஜிஸ்திரேட் கேட்டார். ஏட்டு விறைப்பாக நின்று சல்யூட் அடித்தார். யோசிக்க நேரம் கிடைத்திருந்தால் வேறு ஏதாவது சொல்லியிருப்பார். “மனசிலாச்சா மக்கான்னு கேப்பேன் எஜமானே” என்று சொல்லிவிட்டுத்தான், தான் என்ன சொன்னோம் என்பதே அவருக்குத் தெரிந்தது. அவர் என்னைப் பார்த்த பார்வை இன்றும் எனக்கு நினைவிருக்கிறது.

அடுத்த வாய்தாவில் தீர்ப்பு. பிரதி கேள்வியைச் சரியாகப் புரிந்துகொண்டார் என்று கொள்ள வழியில்லை, ஒரே பாய் என்பது வறுமைக்குச் சாட்சி, குற்றத்துக்கு அல்ல, இருவருக்கும் விடுதலை. நல்ல தீர்ப்புதான். குற்றமே ஒரு குற்றமில்லை என்று அதில் ஒரு வரி இல்லை, இருக்காது என்றும் எனக்குத் தெரியும். மூத்தவர் வெளியே வராந்தாவில் என்னைக் கடந்து போனார். “டெல்லி வரை மனு போட்டுட்டிருக்கோம். நீரு அரை நிமிசத்தில எல்லாத்தையும் குழிதோண்டிப் புதைச்சீரு” என்று சொன்னார். நாங்கள் தமிழ்நாட்டோடு சேர்ந்த பிறகும்கூட அவர் என்னிடம் சரியாகப் பேசவில்லை.

கோர்ட் முற்றத்தில் புளியமரத்தடியில் வண்டி நின்றது. தையல்காரர் ஒரு துணி மூட்டையோடு கொஞ்சம் தள்ளி நின்றார். அவர் அறைக்குக் கட்டடக்காரன் வேறு பூட்டுப் போட்டுவிட்டான், தையல் மெஷினை எடுத்துத் தெருவில் வைத்துவிட்டான். அருமனையில் வண்டிக்காரரின் அண்ணன் இனி வீட்டுப் படி ஏறக் கூடாது என்று சொல்லியிருந்தான். வண்டிக்காரர் என்னிடம் வந்தார்.

“விட்டாச்சு, இல்லியா சாரே?”

“விட்டாச்சு.”

“இனி எங்க போணும்?”

நான் பதில் சொல்வதற்குள் ஏட்டு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து இருவருக்கும் நடுவில் நிறுத்தினார். “ஓரோருத்தனும் ஓரோரு திக்குல போவணும். இனி ரெண்டு பேரையும் ஒரு கூரைக்குக் கீழ கண்டேன்னா அடுத்த கேஸ் நான் எழுதுவேன். இந்த மொறை நல்ல தமிழிலேயே எழுதுவேன், வக்கீல் சாருக்குச் செரமம் இருக்காது” என்றார்.

வண்டிக்காரர் தையல்காரரைப் பார்த்தார். தையல்காரர் மூட்டையைத் தோளில் தூக்கிக்கொண்டு பஸ் நிற்கும் பக்கம் நடக்கத் தொடங்கினார். ஜெயிலிலிருந்து மீட்டது இதற்குத்தானா என்று எனக்கு வயிறு எரிந்தது. அந்த வயிற்றுவலி மட்டும் நிஜம்.

“இங்க வாரும்” என்று தையல்காரரைக் கூப்பிட்டேன். “ரெண்டு பேரும் எனக்க வீட்டுக்கு வாங்க. முன்னறை சும்மாத்தான் கெடக்கு.” இதை ஏட்டு கேட்கும்படி சொன்னேன். தைரியத்தால் அல்ல, குரலைத் தாழ்த்தினால் நடுங்கும் என்று பயந்தேன்.

என் வீடு தக்கலையில், சொந்த வீடு, அதனால் பூட்டுப் போட யாரும் இல்லை. வண்டியில் ஏறி உட்கார்ந்தோம். வண்டி கோர்ட் முற்றத்தை விட்டுச் சாலையில் ஏறியது. பிறகு தையல்காரர் பின்னாலிருந்து, “ஏலே, நல்லாட்டு பொய் சொன்னியே” என்றார்.

“உனக்க இழுப்பு கேட்டுது. பின்ன என்ன சொல்ல?” என்றார் வண்டிக்காரர், திரும்பாமல். தோர்த்தால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

திரும்பிப் பார்த்தேன். சைக்கிள் பின்னாலேயே வந்தது. அவசரப்படாமல், வண்டியின் வேகத்துக்கு. எங்கள் தெருவுக்குள் திரும்பியபோது பள்ளிக்கூடம் விட்ட நேரம், கடைக்குப் போகிறவர்கள், வருகிறவர்கள். எதிர்வீட்டுக்காரர் கதவருகில் வந்து நின்றார். அடுத்த வீட்டு ஜன்னலில் இரண்டு தலைகள். நாளைக்குள் தெருவுக்கு விஷயம் தெரியும், மறுநாள் கோர்ட்டுக்குத் தெரியும். வயிற்றுவலி, ஜாதகம் எல்லாம் இன்றோடு தீர்ந்தது.

வண்டிக்காரர் இறங்கி நுகத்தை இறக்கினார். தெருவை ஒரு பார்வை பார்த்தார். மூலையில் சைக்கிளை ஊன்றி நின்ற ஏட்டையும் பார்த்தார்.

“காளையைப் பொறத்தால கொண்டு கெட்டட்டா சாரே? ஆளு காணாது” என்றார்.

“வேண்டாம். முன்னால அந்தப் பிலாவுல கெட்டும்” என்றேன்.

அவர் இரண்டு காளையையும் வாசலுக்கு நேராகப் பலாமரத்தில் கட்டினார். தையல்காரர் மூட்டையை முன்னறையில் இறக்கி வைத்தார். நான் வாசல் கதவின் இரண்டு பக்கத்தையும் விரியத் திறந்து வைத்துவிட்டு, மூன்று பேருக்குக் கஞ்சி வைக்க உள்ளே போனேன்.